எல்லாத்தையும் என் பேர்ல எழுதிக்கோ

இல்லம்மா, அடுப்ப அணைக்காம விட்டதும் நான்தான். ரம்ஸின்னு என் பேரத் தெளிவா எழுது. கொஞ்சம் மெதுவாப் பேசுவோம், என் வீட்டுக்காரி இன்ஷிராஹ் உள்ள தூங்கறா.

அன்னிக்கு மொலோகியா கீரை வைக்கலாம்னு எனக்கு ஒரு கிறுக்கு. பூண்டத் தாளிச்சுக் கொட்டும்போது ஹான்னு மூச்ச உள்ள இழுக்கணும்ல, இல்லேன்னா ருசியே வராதுன்னு உங்கம்மாவும் சொல்லியிருப்பாங்க. நான் இழுத்த இழுப்புல நெடி நேரா மண்டைக்கு ஏறிடுச்சு. இருமிக்கிட்டே பால்கனிக்கு ஓடினேன். அங்க போனா எதிர்வீட்டுக்காரன் நிக்கறான், அவன்கிட்ட பந்தாட்டக் கதை. சட்டி கருகின வாசம் அவன் மூக்குக்குத்தான் முதல்ல போச்சு.

சிரி சிரி, சிரிக்கற மாதிரிதான் இருக்கு என் பொழப்பு.

ஃபிரிட்ஜ் கதவா? மத்தியானம் பூரா திறந்தே கிடந்துச்சா? அதுவும் நான்தான். அலெக்ஸாந்திரியா புழுக்கம் உனக்குத் தெரியாததா? முன்னாடி நாற்காலியப் போட்டு உக்காந்து காத்து வாங்கினேன், அப்படியே கண்ணசந்துட்டேன். மாத்திர டப்பா ஒரே காலையில ரெண்டு தடவ திறந்துச்சுன்னா, அவ மாத்திரைய என்னோடதுன்னு நினைச்சு முழுங்கிட்டேன். அன்னிக்குப் பூரா தலை கிர்ருன்னு சுத்துச்சு. காலம்பூரா டிராம் ஓட்டினவன்மா நான், தண்டவாளம் இல்லேன்னா நேரா போகத் தெரியாது.

என்ன இன்ஜினியரம்மா, அப்படிப் பாக்கற? சத்தியம் எல்லாம் கேக்காத. சுவத்துல இருக்கற உன் சென்சாரு கதவு திறந்துச்சு, அடுப்பு எரிஞ்சுச்சுன்னு சொல்லும், யாரோட கைன்னு சொல்லாதுல்ல? அதக் கேக்கத்தான நீ வந்திருக்க, நான்தான்னு சொல்றேன்.

குவைத்துல இருந்துக்கிட்டு எங்க மகன் ஹாத்திம் மாட்டச் சொன்னது இது. அம்மாவோட ரிப்போர்ட் மோசமா வந்தா முதியோர் இல்லம்தான்னு முடிவே பண்ணிட்டான். அவனக் குத்தம் சொல்லல, புள்ள தூரத்துல இருந்து பயப்படறான். ஆனா இன்ஷிராஹ் அங்க போனா ஒரு வாரம் தாங்க மாட்டா. நானும்தான் தாங்க மாட்டேன், சொல்லிட்டேன். அதனால கிறுக்குப் பட்டத்த எனக்குக் கட்டிடு. எனக்கு அது பொருத்தமாவும் இருக்கும், எங்க டிப்போவுல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க.

இன்னும் ஒண்ணா? எது, அந்தக் கண்ணாடி அலமாரியா?

அதுல போயி யாரும்மா சென்சார் வச்சா? அவளோட கல்யாணச் சீர் பீங்கான் அது. நம்ம ஊர்ல எந்த வீட்டுல அதத் தொடறாங்க? துடைக்கறதோட சரி. மந்திரியே வந்தாலும் யோசிச்சுத்தான் திறப்பாங்க.

ஆமா. தினமும் காலையில திறக்குது. அது எனக்கும் தெரியும்.

இல்லம்மா, அது நானில்ல. எல்லாத்துக்கும் பொய் வந்துச்சு, இதுக்கு மட்டும் வாய் வரமாட்டேங்குது.

அவதான் திறக்கறா. இருக்கறதுலயே நல்ல கோப்பையா எடுத்து, டீ போட்டு, தட்டுல வச்சு எனக்குக் கொண்டுவந்து கொடுக்கறா. முக்காட்டச் சரி பண்ணிக்கிட்டு, உக்காருங்க, எங்க வீட்டுக்காரரு இப்ப வந்துடுவாருங்கறா. ரொம்ப மரியாதையா. எனக்கு வாழ்க்கையில யாரும் அவ்வளவு மரியாத கொடுத்ததில்ல, அவளையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

நானும் மாட்டேன்னு சொல்றதில்ல. குடிச்சிட்டு, நன்றி தாயி, அவரு வந்தா சலாம் சொன்னேன்னு சொல்லுங்கன்னு எந்திரிச்சுப் போறேன். கடற்கரையில ஒரு நட நடந்துட்டு வந்து பெல் அடிக்கறேன். அவ கதவத் திறந்து, எங்க போயிட்டீங்க, யாரோ ஒரு நல்ல மனுஷரு உங்களுக்காகக் காத்துக் காத்துப் பாத்துட்டுப் போயிட்டாருன்னு என்னத் திட்டறா.

அதனால அத மட்டும், இந்த வீட்டுக்கு தினமும் ஒரு விருந்தாளி வர்றாருன்னு எழுதிக்கோ. அது பொய் இல்ல பாரு.