படியிறங்கி வந்த நேர்முகத் தேர்வு

“மூண்டு அதிகாரியளும் எனக்காக மாடியாலை இறங்கி வந்தவை, மச்சான்!”

மானிப்பாய் பஸ்ஸில், ஊன்றுகோலை மடியில் வைத்திருந்த புதுப் பட்டதாரி தன் நண்பனிடம் சொன்னான். பின் இருக்கையில் இருந்த நான், அரச அலுவலகத்திலிருந்து ஓய்வுபெறும்வரை, தேர்வுக்குழுவைப் படியிறக்கும் சுற்றுநிருபம் எதையும் கண்டதில்லை.

“எப்பிடியடா?”

“கம்பஸிலை படிப்பிச்ச சேர் சொல்லித்தந்தபடி, படியேற ஏலாது எண்டு முதலே சொல்லிப்போட்டன். கீழை இருக்க ஒரு வாங்குதான் கிடந்தது. அதிலை நான் இருந்தன். அவையள் நிண்டுகொண்டு கேட்டவை.”

“மரியாதைக்கு எழும்பேல்லையோ?”

“எழும்பப் பாத்தன். ‘இரும் தம்பி’ எண்டிட்டினம்.”

“கனக்கக் கேட்டவையோ?”

“எங்கை! அவையளுக்குக் கால் நொந்துபோச்சு. ரெண்டு கேள்வியோடை சரி.”

“அப்ப கிளாக்கர் வேலை?”

“திங்கக்கிழமை வரட்டாம்.”

“மேல்மாடிக்கோ?”

“கீழைதான். என்ரை மேசையை இறக்கினதைக் கண்ணாலை பாத்திட்டுத்தான் வாறன்.”