மிச்சம் செய்வதற்காக வாங்கிய வான்கோழி

நான் என்ன பேசப் போகிறேன் என்று அறியாத காரணத்தால் இன்னும் புன்னகை மாறாமல் வீற்றிருக்கும், நம் அடுக்குமாடிக் குடியிருப்பாளர் சங்கத்தின் தலைவர், மதிப்பிற்குரிய பழனியப்பன் ஐயா அவர்களே! வெள்ளைச் சட்டையில் வெளிச்சமாய் விளங்கும் செயலாளர் புவனேஸ்வரன் அவர்களே! அந்தச் சட்டைக்குப் பிறகு வருகிறேன். முன்வரிசையில் மூச்சுவிட இடமில்லாமல் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! பிள்ளையை இடுப்பிலும் காலி டப்பாவைக் கைப்பையிலும் வைத்துக்கொண்டு, பேச்சு எப்போது முடியும், சாப்பாட்டை எப்போது பொட்டலமாகப் புங்குஸ் கட்டலாம் என்று காத்திருக்கும் கருணை மிகுந்த தாய்மார்களே! அஸ்ஸலாமு அலைக்கும். அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் சலேஹா. நம் பினாங்கு ஜெலுத்தோங்கில் நாசி கண்டார் சோற்றுக்கடை நடத்துகிறேன். நாக்கால் பிழைப்பவள் நான். உப்புப் பார்ப்பதும் அந்த நாக்கால்தான், உண்மை பேசுவதும் அந்த நாக்கால்தான். 'மிஞ்சிய வான்கோழியில் புதுமைச் சமையல்' என்று ஒரு போட்டி வைத்தோம், நீங்கள் நடுவராக வாருங்கள் என்று அழைத்தார்கள். வந்தேன். உண்டேன். நொந்தேன். தீர்ப்புச் சொல்ல எழுந்து நிற்கிறேன். இந்தத் தீர்ப்பைக் கேட்ட பிறகு அடுத்த ஆண்டு என்னை அழைப்பீர்களா என்பது உங்கள் பாடு.

அன்பர்களே! ஒரு கேள்வி கேட்கிறேன். இந்த அடுக்குமாடியில் கிறிஸ்துமஸ் அன்று வான்கோழி சாப்பிட்ட குடும்பம் எது? கையைத் தூக்குங்கள். ஒரு கையும் இல்லை. கர்த்தரைக் கும்பிடுகிற வீடுகள் இங்கே உண்டு. அந்த வீடுகளில் அன்று மணந்தது கோழிக்கறி, ஆட்டுக்கறி, எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது, வாழ்க அவர்கள்! வான்கோழி எந்த வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை. மிதிக்காத கோழி எப்படி மிஞ்சும்? விருந்தே இல்லாத ஊரில் மிச்சத்துக்கு ஒரு போட்டியா? எவனோ ஒரு வெள்ளைக்காரன் வீட்டில் மீந்த கவலையை எடுத்து வந்து, வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதையாக, நம் தலையில் கட்டிக்கொண்டோமே, இது தேவையா?

நேற்று பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் வந்துகொண்டிருந்தேன். எதிரே நம் ஐந்தாம் மாடிக் கோகிலன். மடியில் ஒரு பெரிய மூட்டை. பிறந்த குழந்தையை அணைப்பது போல் அணைத்திருந்தார்.

"என்ன தம்பி மடியில?"

"வான்கோழிக்கா. தீவுல எங்கயும் கிடைக்கல. அதான் பட்டர்வொர்த் வரைக்கும் போயிட்டு வரேன்."

"வீட்டுல விருந்தா?"

"இல்லக்கா, போட்டிக்கு லா!"

"போட்டி மிஞ்சின வான்கோழிக்குத்தானே தம்பி?"

"ஆமாக்கா. அதான் முழுசா வாங்கிட்டேன். இன்னைக்கு ஓவன்ல வாட்டி, ஒரு ராத்திரி ஐஸ்பெட்டியில வச்சிட்டா மிச்சம் ஆயிடும்ல?"

கேட்டீர்களா இந்த ஞானத்தை! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். முழு வான்கோழியை மிச்சத்தில் மறைக்கிறவரை நேற்றுதான் கண்டேன். வீணாக்காதே என்று சொல்ல வைத்த போட்டிக்கு, வீணாக்குவதற்கென்றே ஒரு கோழி! சிரிக்கிறீர்கள். கோகிலனைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். மூன்றாவது வரிசையில் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிற சுஹானா, உன் வீட்டு வான்கோழி மட்டும் தானாகப் பறந்து வந்து மிஞ்சிக்கொண்டதா? மேசையில் இருந்த ஒவ்வொரு தட்டையும் விசாரித்துவிட்டேன். எல்லாம் கடையில் வாங்கிய மிச்சம். காசு கொடுத்து வாங்கிய மிச்சம். ஒரு வாய் விருந்துகூட உண்ணாமல் உண்டாக்கிய மிச்சம்!

சரி, ஆக்கியதாவது ஆக்கினீர்களே, அதிலாவது ருசி உண்டா? வான்கோழி பிறவியிலேயே வறண்டது. அதை மூர்த்தபா ரொட்டிக்குள் அடைத்து வறட்சிக்குப் போர்வை போர்த்தினார் ஒருவர். சீஸைக் கொட்டி ரெண்டாங் கறி என்று பெயர் வைத்தார் இன்னொருவர். அந்த ரெண்டாங்கை மலாய்க்காரர் யாராவது பார்த்திருந்தால் இன்று நம் சங்கத்தின் கதவைத் தட்டியிருப்பார். ஒரு புண்ணியவான் கேக் செய்திருந்தார். வான்கோழிக் கேக்! மேலே கிரீம், உள்ளே கறி, நடுவே ஒரு செர்ரிப்பழம். நான் பாவம் அல்லவா? எனக்கும் ஒரு வயிறுதானே இருக்கிறது?

யாரது, பின்னாலிருந்து "சீக்கிரம் முடிங்கக்கா" என்பது? முடிக்கிறேன் தம்பி. உன் சோறு ஓடிப் போகாது. இன்றைக்கு இந்த மேசையை விட்டு ஓட்டப்பட்டது வேறு ஒரு சட்டி. அதற்குத்தான் வருகிறேன்.

மிச்சத்தை மதிக்க நமக்கு எவரும் வகுப்பெடுக்க வேண்டாம். இது பினாங்கு! கல்யாண விருந்தில் மீந்ததையெல்லாம் கடுகுக் கீரையோடு புளிக்கப் புளிக்கக் கொதிக்க வைத்துச் சாய் போய் என்று பரிமாறுகிறார்கள் சீனர்கள். அந்த ருசிக்காகவே கடைகளில் வரிசை நிற்கிறது. நம் வீட்டில் நேற்றைய குழம்பைச் சுண்ட வைத்தால், அந்தச் சட்டியை வழிப்பது யார் என்று அண்ணனுக்கும் தம்பிக்கும் சண்டை. என் கடையில் சட்டியின் அடியில் ஒட்டியதைக் கேட்டு வாங்குகிறவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். மிச்சம் என்றால் நமக்கு இளக்காரம் இல்லை. பிறகு ஏன் இன்று காலையில் ஒரு மிச்சத்தைக் கண்டு இந்தச் சங்கம் முகம் சுளித்தது?

கேளுங்கள். நடுவராக உட்காரும் முன் கை கழுவலாம் என்று பின்னறைக்குப் போனேன். அங்கே நம் செயலாளரும் செயற்குழுப் பெருமக்களும் ஒரு சட்டியைச் சுற்றி நின்றார்கள். ஆளுக்கொரு கரண்டி. வாய் நிறைந்திருந்தது.

"என்ன தம்பி இது?"

மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார் செயலாளர். "தனுஜாக்கா கொண்டாந்ததுக்கா. ஓட்டல் விருந்துல மிஞ்சின வான்கோழியாம். ஹலால் கிச்சன்தான், பயப்படாதீங்க. ஆனா எச்சில்னு போட்டியிலேருந்து தூக்கிட்டோம்."

"எச்சிலா? அப்ப உங்க வாயில என்ன?"

"கெட்டுப் போச்சான்னு செக் பண்றோம்கா!"

அடடா, என்ன அக்கறை! என்ன தியாகம்! நமக்கு நஞ்சு வந்துவிடக் கூடாதே என்று, அடிச்சட்டி தெரியும் வரை அயராமல் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள்! நானும் அடியில் ஒட்டியதை வழித்து வாயில் போட்டேன். வான்கோழிப் புட்டு. சுறாப் புட்டுக்கு உதிர்ப்பது போல் கறியை உதிர்த்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை போட்டு, தேங்காய்ப்பூ தூவிப் புரட்டியது. நீங்கள் எல்லோரும் எந்த வறட்சியை மூடி மறைக்கப் பாடுபட்டீர்களோ, அந்த வறட்சியையே அவள் ருசியாக்கி வைத்திருந்தாள். புட்டுக்கு ஈரமான கறி உதவாது அன்பர்களே! வான்கோழி இந்த உலகத்தில் பிறந்ததற்கு ஒரு நியாயம் உண்டென்றால், அது அந்தச் சட்டியில் இருந்தது.

பிறகு போட்டிக்குத் தட்டோடு வரிசையில் நின்றவர்களைக் கேட்டேன். ஒன்பதாம் மாடித் தனுஜா ஓட்டல் சமையலறையில் வேலை செய்பவள். நீங்கள் எல்லாம் வீட்டில் கால் நீட்டிக் கிடந்த கிறிஸ்துமஸ் அன்று, ஊரார் விருந்துக்கு நின்றபடி உழைத்தவள். மேசைக்கே போகாத, விருந்தாளி எவர் கையும் படாத ஒரு துண்டை, "நீ எடுத்துட்டுப் போம்மா" என்று தலைமைச் சமையல்காரர் ஹைதர் தன் கையால் கட்டிக் கொடுத்திருக்கிறார். இந்த மண்டபத்துக்கு வந்த ஒரே உண்மையான மிச்சம் அது ஒன்றுதான். அதை மேசையில் வைத்தவளைப் பார்த்து நம் செயலாளர் என்ன சொன்னார்?

"யார் தின்ன எச்சில இங்க கொண்டாந்து வைக்கிறீங்க? எடுங்க, எடுங்க!"

"இல்லண்ணே, யாரும் தொடலண்ணே. சட்டியில மிஞ்சினதுண்ணே" என்று அவள் சொல்லச் சொல்ல, சட்டியைப் பறித்துப் பின்னறையில் தள்ளியிருக்கிறார்கள். வரிசையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்தியிருக்கிறார்கள். அவள் சட்டியைக்கூட கேட்காமல் மாடியேறிப் போய்விட்டாள்.

சட்டியில் மிஞ்சியது மிச்சம். இலையில் மிஞ்சியது எச்சில். இது நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். செயலாளருக்கு மட்டும் தெரியாதா? தெரியும்! நன்றாகத் தெரியும்! கோகிலன் ஓட்டல் மேசையிலிருந்து அள்ளி வந்திருந்தால் அது புதுமைச் சமையல். தனுஜா ஓட்டல் அடுப்படியிலிருந்து கொண்டு வந்தால் அது எச்சில். சட்டியைப் பார்த்துச் சொல்லவில்லை அந்தச் சொல்லை. அவள் போட்டிருந்த வேலைச் சட்டையைப் பார்த்துச் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது! எச்சில் என்று உமிழ்ந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அதையே தின்றவர்களை என்ன பெயர் சொல்லி அழைப்பது? செயலாளர் அவர்களே, குனிந்து உங்கள் சட்டையைப் பாருங்கள். பொத்தானுக்குப் பக்கத்தில் மஞ்சள் கறை. பையின் ஓரத்தில் ஒரு கறிவேப்பிலை. துடைக்காதீர்கள்! இன்றைய போட்டியில் நேர்மையாக மதிப்பெண் போட்டது அந்தச் சட்டை ஒன்றுதான்.

ஆகவே தீர்ப்பு. மிச்சமே இல்லாமல் மிச்சம் சமைத்த அத்தனை பேரும் போட்டிக்கு வெளியே. முதல் பரிசாக இதோ இந்த மேடையில் நிற்கும் ஓவன் தனுஜாவுக்கு. தலைவர் ஐயா தலையாட்டுகிறார். ஆட்டாவிட்டாலும் இதுதான் தீர்ப்பு.

ஓவனைத் தூக்கிக் கொடுத்தால் முடிந்தது என்று கையைத் தட்டாதீர்கள். இன்னொன்று பாக்கி இருக்கிறது. இதோ பாருங்கள், அவளுடைய சட்டி. நானே கழுவி எடுத்து வந்தேன். பக்கத்து வீட்டுச் சட்டியை வெறும் சட்டியாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நம்மில் யாருக்காவது உண்டா? தீபாவளிக்கு முறுக்கு வந்த தட்டில் நோன்புப் பெருநாளுக்குக் கேத்துப்பாட் சோறு போகும். ஒன்றும் இல்லாத நாளில் ஒரு பிடிச் சீனியாவது போகும். வெறும் சட்டி போனால் இரு வீட்டுக்கும் இடையில் இனி ஒன்றும் இல்லை என்று பொருள். சொல்லுங்கள், இந்தச் சட்டி எப்படித் திரும்பப் போக வேண்டும்?

செயலாளர் தம்பி! இப்போது உங்கள் வீட்டுக்குப் போங்கள். புதிதாக உலை வையுங்கள். கறி ஆக்குங்கள். வீட்டில் ஒருவரும் கை நனைக்கும் முன், முதல் அகப்பையை இந்தச் சட்டியில் போடுங்கள். மிச்சம் அல்ல, முதல் அகப்பை! அதை எடுத்துக்கொண்டு ஒன்பதாம் மாடிக்கு ஏறி, கதவைத் தட்டி, "எச்சில்னு சொன்னதும் நாங்கதான், தின்னதும் நாங்கதான்" என்று சொல்லுங்கள். அவள் வாங்கிக்கொண்டால் உங்களுக்கு நல்ல காலம். வாங்காவிட்டால், நாளைக்கும் உலை வையுங்கள்.

என் பேச்சைப் பொறுத்துக்கொண்ட பெரியவர்களுக்கு நன்றி. பொறுக்காமல் நெளிந்தவர்களுக்கு அதைவிட நன்றி, உங்களுக்குத்தான் பேசினேன். தாய்மார்களே, டப்பாவை வெளியே எடுங்கள். அந்த வான்கோழிக் கேக்கை மட்டும் யாரும் குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள். வஸ்ஸலாம். வணக்கம்.

வாங்க செயலாளர் தம்பி, வாங்க. எல்லாரும் பாக்கட்டும். ஒரு கையால பிடிக்காதீங்க. சட்டிய ரெண்டு கையாலயும் வாங்கிக்குங்க.