பாயில் படுத்த உடும்பு

உடும்பு வளர்ப்பது ஒன்றும் சிரமமான காரியமில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. நாளுக்கு இரண்டு முட்டையும் கொஞ்சம் மீன் குடலும் இருந்தால் போதும். என் தம்பி லூர்துவை வளர்ப்பதற்கு அதைவிடப் பாடுபட்டேன். கண்ட பலன் ஒன்றுமில்லை.

போட்டாதாங் படித்துறையில் அரிசிக் கிடங்குக்குக் கணக்கெழுதும் கிராணி நான். கிடங்குக்குப் பின்னால், ஆற்றைப் பார்த்த மரவீட்டில் நானும் தம்பியும் இருந்தோம். மிஷன் பள்ளியில் படிக்க வைத்தேன். அவனோ ஆற்றில் ஓடும் லாஞ்சில் டிக்கெட் கிழிக்கப் போனான். போன இடத்தில் மா மியா என்ற பர்மியப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். விஷயம் தெரிந்த பாதிரியார் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் மறக்கவில்லை.

அவளை நான் அடித்ததில்லை, வைததில்லை. அவள் ஆக்கிய சோற்றைத்தான் தின்றேன். அவளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு எங்கள் அப்பா பெயரை வைக்கப்போவதாக லூர்து சொன்னபோது சிரித்தேன். அவ்வளவுதான்.

இந்த ஆடி மழையில், ஒரு சனிக்கிழமை, மூட்டை தூக்கும் கருப்பையா கிடங்குச் சந்தில் ஓர் உடும்பைப் பிடித்துக் கால்களை முதுகில் சேர்த்துக் கட்டிக் கொண்டுவந்தான்.

"கிராணி ஐயா, வளக்கிறதுன்னா வளத்துக்குங்க. வேணாம்னா சொல்லுங்க, கொழம்பு வச்சிருவோம். இடுப்புக்கு நல்லது."

இந்த ஆட்களுக்கு உலகத்தில் ஊர்வது பறப்பது எல்லாமே இடுப்புக்கு நல்லதுதான். நான் பதில் சொல்வதற்குள் மா மியா அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். நிறைமாத வயிறு.

"வேணாம் அக்கோ. அது ஏறின வீடு வெளங்காது. அங்க பிள்ளை பெத்தா தங்காது. எங்க ஆளுங்க வீட்டையே விட்டு எறங்கிருவாங்க."

அக்கோ என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன். அந்த முறையை அவளுக்கு யார் கொடுத்தார்களோ தெரியாது.

ஊர்ந்து போகும் ஒரு பிராணிக்குப் பயந்து குடியிருக்கும் வீட்டை விட்டுப் போகிற ஜனம். நான் யோசித்தேன். வளர்ப்பதா, வேண்டாமா? லூர்து லாஞ்சோடு போயிருந்தான். திரும்ப ஒரு வாரம் ஆகும். வளர்ப்பது என்று முடிவு செய்தேன். கட்டை அவிழ்த்து அவள் அறையிலேயே விட்டேன்.

துணி மூட்டையோடு இறங்கிப் போனாள். தின்கன்ஜூனில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்த் தொலைவாள் என்று நினைத்தேன். தெருவெல்லாம் வெள்ளம், வண்டி கிடைக்கவில்லை. கிடங்கின் சாக்குக் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அங்கே ஈ காக்கை கிடையாது.

அன்று சாயங்காலம் படியேறி வந்து கதவுக்கு வெளியே நின்றாள்.

"அக்கோ, வலி கண்டிருச்சு. அது போயிருச்சா?"

"இல்லை. உன் பாயில்தான் படுத்திருக்கிறது" என்றேன். கோபமில்லாமல்தான் சொன்னேன்.

கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்து முனகினாள். பிறகு அந்த மழையிலேயே இறங்கிப் போனாள். திங்கட்கிழமை வேலைக்கு வந்த ஆட்கள், சாக்குகளுக்கு நடுவே அவளையும் பிள்ளையையும் பார்த்தார்கள். இரண்டும் சில்லிட்டுக் கிடந்தன. ஆண் பிள்ளை.

அவளைக் கொன்றது அவள் மூடநம்பிக்கை. எனக்கு அந்த மாதிரிப் பழக்கம் எதுவும் கிடையாது, ஐயா.

கருப்பையா உளறிவிட்டான் என்று உங்கள் முகத்திலேயே தெரிகிறது. உண்மைதான். முடிவை மாற்றிக்கொண்டேன். ஞாயிறு காலையிலேயே அவனை வரவழைத்தேன். ஆற்றுப்பக்கம் சாம்பான் படகில் வந்து, உடும்பைச் சாக்கில் போட்டுக்கொண்டு போனான். மத்தியானம் ஒரு தூக்கில் எனக்கும் குழம்பு கொண்டுவந்து கொடுத்தான். அவள் வெளியே நின்று கேட்டபோது நான் அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

லூர்து வந்ததும் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். கதவை நான் தாழிடவே இல்லை.