கூட்டத்தில் சேராத இரண்டு

– அந்தப் பச்சைப் பட்டுச் சேலைய எதுக்கு வெளிய எடுத்தே மார்கிரெட்டு? சிபின் பேசுறதுக்கு நீ எதுக்கு பட்டு கெட்டணும்?

– யூனிவேர்சிட்டி செமினாரு. வெளியூர்ல இருந்தெல்லாம் ஆளு வருது.

– கடசி பெஞ்சுல இருந்து கை தட்டப் போறவளுக்கு வாயல் சேலை போதும்.

– ததேயூஸ் சாறே, திருவனந்தபுரம் பஸ்சு இப்ப வந்துரும். கொஞ்சம் வழி விடுங்க.

– கெட்டினவனுக்குச் சோறு விளம்பும்பவும் சிபின் பேச்சு. பேப்பர்லயும் அவன் பேரு முதல்ல, உன் பேரு பொறவு.

– அவன் என் கூட ரிசர்ச்சு செய்யுதான். நீங்க காலேஜில ஜெயபாய் டீச்சர் கூட பேசேலியா?

– பாரலல் காலேஜுண்ணு சொல்லு, வெறும் டியூசன் கடை. நானும் எம்.எஸ்சி.யாக்கும். அவனும் நானும் ஒரே ரிசர்ச்சு இண்டர்வியூவுக்குப் போனோம். சீட்டு அவனுக்குக் கிட்டிச்சு.

– எனக்கும் கிட்டிச்சு.

– உன்னைய நான் சொல்லேல.

– ம்.

– அவன் என்ன சொல்லப் போறாண்ணு நான் சொல்லட்டா? ஒரு பெரிய கேலக்சிக் கூட்டம். கேலக்சிகள் ஓடுத வேகத்த வச்சு கூட்டத்துக்கு ஒரு எடை. நடுவுல கிடக்குத சூட்டு வாயுவ வச்சு இன்னொரு எடை. கண்ணுல படாத இருட்டுப் பொருள்தான் கூட்டத்தப் பிடிச்சு வச்சிருக்குண்ணா, ரெண்டு எடையும் ஒக்கணும். ஒக்கேல. வேகம் கூடுதல் எடை காட்டுது. அதனால இருட்டுப் பொருள் தியறியே தப்பு. இதானே?

– மேசையில கிடந்தத படிச்சியளா?

– ஒருக்காதான் படிச்சேன். போதும். அதுல ரெண்டு கேலக்சி அந்தக் கூட்டமே இல்ல.

– என்ன?

– கடப்புறத்துல நிண்ணு பாத்தா ரெண்டு வள்ளம் ஒட்டிக் கிடக்குத மாதிரி இருக்கும். ஒண்ணு கரைக்குப் பக்கம், மற்றது ஆழக்கடல்ல. அதே கதைதான். அந்த ரெண்டும் நமக்கும் கூட்டத்துக்கும் நடுவுல நிக்குது. கூட்டத்தோட ஒரு பந்தமும் இல்ல. அதுகளையும் சேத்து வேகத்தக் கணக்குப் போட்டா எடை கூடாதா பின்னே?

– ரெம்ப வேகமா ஓடுதே, அந்த ரெண்டா?

– அதேதான்.

– அதத்தான நாங்க கண்டுபிடிப்புண்ணு நினைச்சோம்.

– ‘நாங்க’! காஞ்சிரங்குளத்துக்காரி, வள்ளம் பாத்து வளந்த நீயே அதுல போய் விழுந்தியே.

– அத ரெண்டையும் எடுத்தா?

– ரெண்டு எடையும் ஒத்துப் போவும். இருட்டுப் பொருள் அது பாட்டுக்கு அங்கதான் கிடக்கு. பேப்பர்தான் மிச்சமிருக்காது.

– எப்ப கண்டிய இத?

– ஞாயிறாழ்ச்ச. பூசை கழிஞ்சு நீ இறைச்சி வாங்கப் போனப்ப.

– இத்தன நாளும் ஒரு வாக்கு சொல்லேலியே.

– எதுக்குச் சொல்லணும்? நீ ஓடிச் செண்ணு அவன்கிட்ட சொல்லுவ. அவன் திருத்தி நல்ல பேரு வாங்குவான். இனி திருத்த நேரமில்ல. எல்லாரு முன்னாலயும் வாய் பிளந்து நிக்கட்டும். பட்டு கெட்டீட்டுப் போறியே, கண் நிறையப் பாரு.

– அங்க ஒருத்தரும் கேக்கலண்ணா?

– கேப்பாரு. நேத்து பூத்துல இருந்து பொன்னப்பன் சாறுக்குப் போன் போட்டேன். நம்ம ரெண்டு பேருக்கும் பாடம் எடுத்த மனுசன், கடிச்சா விடமாட்டாருண்ணு உனக்குத் தெரியும். முன் வரிசையில இருப்பாரு. முதல் கேள்வி அதாக்கும்.

– ஆரு பேசுறாண்ணு சொன்னியளா அவருகிட்ட?

– பேப்பரத்தான் சொன்னேன், பேரு சொல்லேல. ஆரா இருந்தாலும் விடப்பிடாதுண்ணு சொன்னேன்.

– கேள்விய மாத்தச் சொல்ல முடியாதா?

– அவரு விடியக்காலமே பொறப்பட்டாச்சு. எதுக்கு இப்பிடி வெளுத்துப் போனே? அவனுக்காக அழப் போறியா?

– இல்ல.

– பின்னே?

– பேசப் போறது சிபின் இல்ல, நானாக்கும். உங்களுக்குத் தாங்காதுண்ணு சொல்லாம இருந்தேன்.