மூணாவது கெம்பஸுக்கு அளக்க வந்தவரு

அட, அந்த அளவுக் குச்சியெல்லாம் எங்க ஓடிறப் போவுது, பொறவு தேடலாம் சேர். மொதல்ல இந்த இஸ்தோப்புத் திண்ணையில ஒக்காருங்க. தொப்பலா நனைஞ்சிருக்கீங்க. இஸ்கூலோட மூணாவது கெம்பஸுக்கு எடம் அளக்க வந்தவருன்னாலும், எங்க லயத்து வீட்டுக்கு வந்துட்டு வெறும் வயித்தோட போகக்கூடாது. இந்தாங்க தேத்தண்ணி. சீனி போதுமா? ஹரி, நல்லது.

இஸ்கூலப் பத்தித் தெரியுமாவா? அனே, என்னையவிட யாருக்குத் தெரியும்! அது அங்கிலிக்கன் சபை இஸ்கூலு, நாங்களும் அதே சபைதான், என் பேரே ஜொய்சி. மொத கெம்பஸ் புளத்கொகுபிட்டியவுல, சின்னப் புள்ளைங்களுக்கு. வெறுங்காட்டுல ஆரம்பிச்சதுன்னு சரித்திரப் புத்தகத்துல போட்டிருக்காம், மக அனிற்றா வாசிச்சுக் காட்டுனா. எங்கம்மா என்னையப் பெத்தது அந்த வெறுங்காட்டுலதான் சேர்! இஸ்கூல்காரங்க வந்து எங்க லயத்த ஒடச்சாங்க, ஜெபம் பண்ணாங்க, ஆளுக்கொரு துண்டு கேக் குடுத்தாங்க. நல்ல கேக்குதான், பொய் சொல்லக்கூடாது.

சரி, தொலையட்டும்னு தெரணியகலைப் பக்கம் வாக்கப்பட்டுப் போனேன். கூத்தப் பாருங்க, ரெண்டாவது கெம்பஸ் என் பின்னாலயே வந்திருச்சு! இது பெரிய பொம்பளப் புள்ளைங்களுக்கு, நீச்சல் தடாகத்தோட. அதுல ஆழமான பக்கம் இருக்கில்ல, அங்கதான் எங்க குசினி, அடுப்படியெல்லாம் இருந்துச்சு. அப்பவும் ஜெபம், அப்பவும் கேக். புது வீடு தாறோம்னு சொல்லி இந்த மலைக்கு ஏத்தி விட்டாங்க. மேல பாருங்க, ஒழுகுதில்ல? இதுதான் அந்தப் புது வீடு.

எங்க வீட்டுக்காரரு இராயப்பன் எதையும் எதுத்துக் கேக்க மாட்டாரு. நேத்து நீங்க குச்சி அடிச்சிட்டு அந்தப் பக்கம் போனதும், இந்தப் பக்கம் மூட்டை கட்ட ஆரம்பிச்சிட்டாரு. எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! மலை முழுக்கக் காடாக் கெடக்கு, நம்ம அடுப்பு மட்டுந்தான் இவங்க கண்ணுல படுதான்னு கத்துனேன். சாமி காரியம்டிங்கிறாரு. எனக்கும் அதே சாமிதானே சேர்? கட்டட்டும், நல்லாக் கட்டட்டும், புள்ளைங்க படிக்கட்டும். ஆனா இந்தத் தடவ நான் கேக் திங்கிறதா இல்ல.

இன்னொரு கோப்பை ஊத்தவா? ஐயோ, எங்க எந்திரிக்கிறீங்க? மழையில எறங்காதீங்க சேர், அந்தக் குச்சி அங்க இருக்காது. காலையில வெறகெல்லாம் ஈரம், அடுப்பு பத்தவே இல்ல. ஒங்க குச்சி, செவப்புப் பெயின்ட் அடிச்சது, நின்னு எரிஞ்சிச்சு பாருங்க! நீங்க குடிச்ச தேத்தண்ணி அதுல கொதிச்சதுதான்.

இன்னும் ரெண்டு குச்சி மிச்சம் இருக்கு. ஒக்காருங்க, ரொட்டி சுட்டுத் தாறேன்.