வெறும் வாயுதான் மாஸ்டர்

…கையைத் தூக்கச் சொல்லாதீங்க மாஸ்டர்! வலது கையை வேணா எவ்வளவு வேணும்னாலும் தூக்குறேன், ஃபேனைத் தொடச் சொல்லுங்க, தொடுறேன். இடது கை மட்டும் காலையிலேர்ந்து ஈயத்தை ஊத்தின மாதிரி கனக்குது. வாயுதான், வேற ஒண்ணுமில்ல. நீங்க பாட்டுக்கு ஊசியைக் குத்துங்க.

அப்புறம் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. தையல் கடையை எதுக்கு மாடியில கொண்டுவந்து வச்சிருக்கீங்க? அதுவும் இந்தப் படி! ஏறி வர்றதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிருச்சு. ஆம்புலன்ஸ்ல நோயாளியோட பின்னாடி உக்காந்து முதலுதவி பண்ற பொம்பளை நானு. எங்க தொழில்ல மனுஷன் மூஞ்சியைப் பாக்குறதுக்கு முன்னாடி படியைத்தான் பாப்போம். இந்த வளைவுல ஸ்ட்ரெச்சர் திரும்பவே திரும்பாது, நாற்காலியில வச்சுத்தான் இறக்கணும். நீங்கன்னா பரவால்ல, குச்சி ஒடம்பு. ஆனா பாருங்க, குண்டா இருக்குறவங்க எல்லாரும் மேல்மாடியில குடியிருப்பாங்க, ஒல்லியா இருக்குறவன் பூரா தரையில இருப்பான். அது என்ன விதியோ!

ஆங்… கக்கத்துல பிடிக்குது பாருங்க, அங்க கொஞ்சம் விடுங்க. நாளைக்கு இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு மேடை ஏறணும். என்ன, புருவத்தைத் தூக்குறீங்க? சொல்லலையா நான்? எங்க ஆபீஸ்ல ஊரைக் கூட்டிக் கூட்டம் போடுறாங்க. நெஞ்சு வலி வந்தா என்ன பண்ணணும்னு அனுபவசாலி ஒருத்தர் பேசணுமாம். அனுபவசாலின்னா யாரு? நான்தான்! ஆனா எதிர் ஷிஃப்ட்ல ஒருத்தி இருக்கா, சிடுமூஞ்சின்னு பேரு… நான்தான் வச்சேன். அவ கண்ணுல விளக்கெண்ணெயை விட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. நான் ஒரு தும்மல் தும்மினா போதும், மைக்கைப் பிடுங்கிக்குவா. இன்னிக்கு நான் ஆஸ்பத்திரிப் பக்கம் தலை காட்டினா அவ்வளவுதான், நாளைக்கு அவதான் மேடையில. விடுவேனா?

உங்க தொழிலுக்கே எதிரி மாஸ்டர் அவ. நெஞ்சுல ஈசிஜி வயர் ஒட்டணும்னா சட்டையைத் திறக்கணும்ல? நான் பொறுமையா பட்டனைக் கழட்டுவேன். அவ கத்திரிக்கோலை எடுத்தான்னா கீழேர்ந்து மேல வரைக்கும் சர்ருனு ஒரே வெட்டு. ஒரு தடவை ஒரு மாப்பிள்ளை கோட்டு சூட்டோட மயங்கி விழுந்துட்டான். "வாடகைக் கோட்டும்மா, வாடகைக் கோட்டு"ன்னு மாமனார் கத்துறாரு. கேட்டாளா? மாப்பிள்ளை பொழைச்சுட்டான், கோட்டு போயிருச்சு. ரெண்டுல எது போயிருந்தா பரவால்லன்னு மாமனார் இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்காராம்!

உஸ்ஸ்… ஃபேன் ஓடுதா? ஓடுதே. எனக்கு மட்டும்தான் வேர்க்குதா?

கீழ்க் கடையில சோடா குடிச்சேன். ரெண்டு. ஏப்பம் வர மாட்டேங்குது. ஒரு ஏப்பம் வந்துட்டா எல்லாம் சரியாப் போயிரும். சிரிக்காதீங்க மாஸ்டர், வாயில அத்தனை குண்டூசியை வச்சுக்கிட்டு! முழுங்கித் தொலைச்சீங்கன்னா உங்களை நான்தான் இறக்கணும்.

வேடிக்கையைக் கேளுங்க, நாளைக்கு நான் பேசப் போறதே இந்தச் சோடாவைப் பத்தித்தான். உலகத்துல மாரடைப்புன்னு சொல்லிச் செத்தவனை விட வாயுன்னு சொல்லிச் செத்தவன்தான் ஜாஸ்தி. இப்படித்தான் போன வாரம் ஒரு வீடு. மனுஷன் சோபாவுல வெளுத்துப் போய்க் கிடக்குறாரு. மச்சினன் எண்ணெய் தேய்க்கிறான், பொண்டாட்டி பூண்டு உரிக்கிறா, பக்கத்து வீட்டுக்காரர் முதுகுல குத்து குத்துன்னு குத்துறாரு. ஆளாளுக்கு டாக்டர்! "எப்பலேர்ந்துய்யா வலி?"ன்னா, "காலையிலேர்ந்துதான், வாயு"ங்குறாரு. "ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள எவ்வளவு வலிக்குது?"ன்னா, "ரெண்டு"ங்குறாரு. பத்துன்னு கத்துறவனைப் பத்திக் கவலையே இல்ல மாஸ்டர், அவனுக்கு நகம் பேந்திருக்கும். ரெண்டுன்னு சொல்லிட்டு வேர்த்துக் கொட்டுறான் பாருங்க, அவனைத்தான் விடக்கூடாது. அவரு வர மாட்டேன்னுட்டாரு. மறுநாள் ஃபேக்டரிக்குப் புது மெஷின் வருதாம், அவர் இல்லாம இறக்க முடியாதாம். கெஞ்சிக் கூத்தாடித் தூக்கிட்டுப் போனோம்.

அப்புறமா? மெஷினை இறக்கிட்டாங்க. அவர் இல்லாமயே.

என்ன, விரலைக் காட்டுறீங்க? எனக்கு எவ்வளவுன்னா? ரெண்டு. மிஞ்சிப்போனா மூணு. தாடை வரைக்கும் இழுக்குது, அது பல்லு. ஊருக்குத்தான் உபதேசமாங்குற மாதிரி பாக்காதீங்க! தெரிஞ்ச ஆளு சொல்றேன்ல?

ஏன் மாஸ்டர் குண்டூசியை எல்லாம் வாயிலேர்ந்து எடுக்குறீங்க? இன்னும் இந்தப் பக்கம் பாக்கி இருக்கே… எங்க போறீங்க? டீ எல்லாம் வேணாம். ஹலோ! பேசிக்கிட்டிருக்கும்போதே எந்திரிச்சுப் போறாரே மனுஷன்! யாருக்குப் போன்? ஆம்புலன்ஸுக்கா? ஐயையோ, யாருக்கு என்னாச்சு? அப்படி இல்ல மாஸ்டர், முதல்ல இடத்தைச் சொல்லணும், அப்புறம்தான் கதை! எல்லாரும் இதே தப்பைத்தான் பண்றாங்க. மாடின்னு சொல்லுங்க! நாற்காலி எடுத்துட்டு வரச் சொல்லுங்க! நினைவு இருக்கா, பேசுறாங்களான்னு கேப்பாங்க, அதுக்கு… என்னது? "நிறுத்தாம பேசுறாங்க"ன்னா சொல்றீங்க? யாரு?

ஓ.

போனை வைங்க மாஸ்டர். வைங்கன்னா வைங்க! எந்த வண்டி வரும்னு தெரியுமா உங்களுக்கு? எங்க வண்டிதான் வரும், இன்னிக்கு ஷிஃப்ட் அந்தச் சிடுமூஞ்சிக்கு, அவதான் வருவா! அதுவும் எப்ப வரும்? டிரைவர் யாரு தெரியும்ல, ஆமை. சைரனைப் போட்டுக்கிட்டு சிவப்பு சிக்னல்ல நிக்கிற பிறவி. "ஏன்டா நிக்கிற, எல்லாரும் வழி விட்டுட்டாங்கடா"ன்னு தொண்டை கிழிய கத்தியிருக்கேன். "நாமளும் முழுசா போய்ச் சேரணும்லக்கா"ங்குறான்.

சரி, உக்காருறேன். நீங்க சொன்னதுக்காக இல்ல, கால் வலிக்குது. அந்தத் துணி மூட்டையைப் படியிலேர்ந்து நகத்துங்க, அவங்களுக்குக் கால் இடறும். பேசிக்கிட்டே இருக்கேன்ல, அதுவரைக்கும் நல்லதுதான். பேச்சு நின்னாத்தான்… மாஸ்டர், நான் நிறுத்தினா ஏதாவது கேளுங்க. என்ன? எதையாவது கேளுங்க.

…வாடியம்மா வா. என்ன பாக்குற? வாயு. ரெண்டு. முறைக்காத! சரி, ஏழு. எட்டுன்னு வச்சுக்கோ. காலையிலேர்ந்து. ஆமா, காலையிலேர்ந்துதான்! ஏய்… ஏய், கத்திரிக்கோலை உள்ள வை! பட்டன் இருக்குடி! அந்த மனுஷன் பட்டனை எதுக்கு வச்சிருக்காரு? புதுச் சட்டைடீ, இன்னும் ஊசி கூட எடுக்கல…

போச்சு. பாத்தீங்களா மாஸ்டர்? சொன்னேன்ல? ஒரே வெட்டு.

என்னடி, ஈசிஜியையே திரும்பத் திரும்பப் பாக்குற? கையை எதுக்குப் பிடிக்கிற? நீ சிடுசிடுன்னு இருந்தாத்தான்டி எனக்குத் தெம்பு. இப்படிப் பிரியமா எல்லாம் பாக்காத… சரி, புரிஞ்சிருச்சு. நாளைக்கு நீயே பேசு. மைக்கை வாய்க்கு ரொம்பக் கிட்ட வச்சுக்காத, கர்ருங்கும். சோடா குடிச்சவனை எல்லாம் திட்டிக்கிட்டே ஒரு பொம்பளை ரெண்டு சோடா குடிச்சாளாம்னு சொல்லு. நல்லா சிரிப்பாங்க. பேரை மட்டும் சொல்லாத.

வளைவுல பாத்து… பாத்து. நாற்காலிதான்னு அப்பவே சொன்னேன். மாஸ்டர், அடுத்த சட்டைக்குக் கக்கத்துல கொஞ்சம் தாராளமா விடுங்க. அளவுதான் எடுத்துட்டீங்கல்ல, தைச்சு வைங்க. வந்து வாங்கிக்கிறேன்.

கால் பக்கம் பிடிச்சிருக்குறது யாரு, ஆமையா? டேய்… கிட்ட வா. அவளுக்குக் கேக்க வேணாம். பயமா இருக்குடா. ரொம்பப் பயமா இருக்கு.

இன்னிக்கு ஒரு நாளைக்கு… சிக்னல்ல நிக்காதடா.