மெல்லிய வளையங்கள்

உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் இந்த நாற்காலி ஆடுகிறது. ஒரு காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்தால் சரியாகிவிடும். பரவாயில்லை, உட்கார்ந்துகொள்கிறேன். ஆடுகிற பொருள் என் கண்ணில் முதலில் படும், அவ்வளவுதான்.

எங்கள் பட்டறைக்கு வந்த டீச்சரின் காரிலும் அப்படித்தான். அக்காவின் கணவர், என் அத்தான், அதற்குப் புது இன்ஜெக்டர்கள் மாட்டியிருந்தார். கம்பெனி சாமான் இல்லை, அதே மாதிரி வேறு யாரோ செய்து விற்பது. இன்ஜெக்டர் என்பது என்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் சின்னக் குழல். மேலே பெட்ரோல் குழாயிலும் கீழே என்ஜினிலும் அது இறுக்கமாக உட்கார வேண்டும். இறுக்கம் தருவது இரண்டு ரப்பர் வளையங்கள்.

ஸ்டார்ட் செய்தால் கார் நின்ற இடத்திலேயே உதறியது. அத்தான் பிளக்கைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், விற்றவனைத் திட்டினார். நான் ஒரு இன்ஜெக்டரை விரலால் திருப்பினேன். பாட்டில் மூடி மாதிரி சுழன்றது. வளையங்கள் மெல்லியவை. கீழே காற்று புகுவதால் உதறல். மேலே இன்னும் கசியவில்லை, ஆனால் கசியும். சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று வேதியியல் படித்தவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"வளையம் பொருந்தல அத்தான்," என்றேன். மற்றவர் முன்னால் பேச எனக்குக் கூச்சம். டீச்சர் பக்கத்தில்தான் நின்றார்.

"விஞ்ஞானி வாயத் தொறந்துட்டாங்க. இனி இவ ஸ்பேனரப் பிடிக்கட்டும், நான் போய் குழம்பு வைக்கிறேன்," என்றார் அத்தான். டீச்சர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலையில் கார் உதறவில்லை. எல்லாவற்றிலும் தடித்த வளையங்கள். அத்தான் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "யோசிச்சுப் பாத்தேன் டீச்சர், சட்டுனு பிடிபட்டுச்சு. வளையந்தான் கோளாறு. சாயந்தரம் வந்து எடுத்துக்குங்க." நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன். அவர் என்னிடமிருந்து எதையும் மறைக்கவில்லை. சொன்னது நான் என்பதை மறந்தே போயிருந்தார்.

பொண்டாட்டி ஏறாத வண்டியை வெளியே விடமாட்டேன் என்பது அத்தானின் பெருமை. என்ஜின் வேலை முடிந்ததும் அக்காவை முன்சீட்டில் உட்கார வைத்து ஒரு சுற்று போய் வருவார். பின்சீட்டில் நான். அதை நம்பித்தான் பலர் எங்களிடம் வண்டி விட்டார்கள்.

மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் கண்ணயர்ந்தார். கழற்றிப் போட்ட வளையங்கள் குப்பைத்தொட்டியில் மேலாகவே கிடந்தன. துடைத்து, எண்ணெய் தடவி மாட்டினேன். எண்ணெய் இல்லாவிட்டால் ரப்பர் கிழிந்துவிடும், வேலையென்றால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். கீழ் வளையங்களைத் தொடவில்லை. தொட்டால் வண்டி மறுபடி உதறும், அவருக்குத் தெரிந்துவிடும். மேலே உள்ளவற்றை மட்டும் மாற்றினேன். சாவியைத் திருப்பிவிட்டு வந்து பார்த்தேன். ஓரத்தில் ஒரு துளி மெதுவாகத் திரண்டது. துணியால் ஒற்றி எடுத்துவிட்டு பானெட்டை மூடினேன்.

சாயங்காலம் அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நீ ஏறலையாடி?"

"தலைவலி."

"பாத்தீங்களா, உங்க வேலை மேல இவளுக்கே நம்பிக்கை இல்ல," என்று சிரித்தாள்.

"விடு, மேடம் ஆராய்ச்சியில இருக்காங்க," என்றார் அத்தான்.

அக்கா ஏறுவாள் என்று யோசிக்கவில்லை என நான் சொன்னால் நம்பிவிடுவீர்கள். ஆனால் யோசித்தேன். அவர் மட்டும் போயிருந்தால் போறாத வேளை என்று பேசி முடித்திருப்பார்கள். அக்கா உள்ளே இருந்தால்தான் என்ன கோளாறு என்று எல்லோரும் கேட்பார்கள்.

தெருமுனை போவதற்குள் புகை வந்தது. அத்தான் வண்டியைச் சுவரோரமாக ஒடித்து நிறுத்திவிட்டுக் குதித்தார். அக்கா பக்கத்துக் கதவு சுவரில் இடித்து, ஒரு சாணுக்கு மேல் திறக்கவில்லை. அவள் அவரைக் கூப்பிடவில்லை, என்னைத்தான் கூப்பிட்டாள். தீயணைக்கும் சிலிண்டர் பட்டறை வாசலில், என் கையெட்டும் தூரத்தில் மாட்டியிருந்தது. முதலில் தீ எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பார்த்தேன். நான் நினைத்த இடத்திலிருந்துதான் வந்தது. அத்தான் வெறுங்கையால் அந்தக் கதவை இழுத்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் அவர், "சரியான வளையந்தான் போட்டேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அழுகிறாராம். பொய்யில்லை. மாற்றியது நான். போய்விட்ட அக்கா மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. என்னிடம் அவளைப் போல் பிரியமாக இருந்தவர்கள் யாருமில்லை.

விபத்துக்குக் காரணம் வளையம் பொருந்தாததுதான் என்று எழுதுவீர்கள். அது சரி. அதை முதலில் கண்டுபிடித்தது யார் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இந்தத் தடவையும் அவர் பெயர் வந்துவிடக் கூடாது.